அடுப்பெரியாத வீட்டுக்காரி

நம் ஊரில் வருசங்களுக்கு எண் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பெருங்காத்து, மணல்வெள்ளம், பாறை உருண்டது, கிணறு வற்றியது என்றுதான் பெயர். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் பிறந்த தேதி கேட்டதற்கு என் பெரியப்பா, "மணல்வெள்ளம் வடிஞ்சு மறுபடி நாத்துப் பாவுனாகல்ல, அன்னைக்கு" என்றார். வாத்தியார் தாமாக ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். அதைத்தான் இன்றுவரை எல்லா ஆபீசிலும் சொல்லி வருகிறேன். உங்களில் பலருக்கும் அதே வாத்தியார்தான் தேதி போட்டார். நாமெல்லாம் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்.

ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் எழுதுவது இது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரைத் தாக்கிய கேடுகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், தரைப்பாலம் உடைந்த அந்த ஐப்பசி வெள்ளத்தில் ஓர் உயிர்ச்சேதமும் இல்லை என்று பெருமையாகச் சொல்வீர்கள். உண்மைதான். நான் சாகவில்லை. ஆனால் அந்தப் பருவத்தை நான் பார்த்த இடத்திலிருந்து நீங்கள் யாரும் பார்க்கவில்லை.

முதலில் மணல்வெள்ளத்தைச் சொல்ல வேண்டும். நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. மலையிலிருந்து ஓடை மணலும் கல்லுமாக இறங்கியது. ஜனங்கள் மேட்டுப்பாறை மேல் இருக்கும் மாதா கோயிலுக்கு ஏறினார்கள். ஒரு தகப்பன் மகனைக் காணோம் என்று தண்ணீருக்குள் திரும்பிப் போனார். மகன் கோயிலுக்குள்தான், யாரோ ஒருத்தியின் முந்தானைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். தகப்பன் கிடைக்கவில்லை. அந்த மகன் நம்மோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். மழை வந்தால் அவன் யாரோடும் பேசமாட்டான்.

அதற்குப் பிறகுதான் ஊர் கூடி அந்த வழக்கத்தை ஏற்படுத்தியது. ஓடையில் துவைகல் முங்கினால் கோயில்பிள்ளை மணியை விரைவாக அடிப்பார். எல்லோரும் பாறை ஏறிவிட வேண்டும். பீடத்துப் படியில் நின்று, ஓடைக்கரைத் தெருவிலிருந்து தொடங்கி, வீடு வீடாகக் கூப்பிடுவார். கோயிலைப் பெருக்கி, மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிற அந்த மனிதருக்கு ஊர் வீடுகள் வரிசையாக மனப்பாடம். வீட்டுக்குத் தலைவர் யாரோ அவர், "முழுசா வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். பதில் வராத வீட்டுக்கு இளவட்டங்கள் கயிறோடு இறங்குவார்கள். எல்லா வீடும் சொல்லி முடிந்தால் மணியை மெதுவாக, விட்டு விட்டு அடிப்பார். அந்த மணி அடித்துவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். தண்ணீர் வடியும்வரை யாரும் வெளியே இறங்கக் கூடாது. சாமியாரே வந்து சொன்னாலும் கூடாது. வீணாக ஓர் ஆள் போகக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

அதில் இன்னொன்றும் இருந்தது. அடுப்பெரியாத வீட்டைக் கூப்பிடுவதில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கூப்பிட்டால் பதில் வராது; இளவட்டங்கள் கயிறோடு சும்மா போய் வருவார்கள். நியாயமான விதிதான். எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது.

நான் நடை பழகும் முன்பே என் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா கம்பத்திலிருந்து ஜீப் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். வீட்டுச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. என்னை என்ன செய்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் படிக்கட்டில் வைத்துப் பேசினார்கள். அப்பாவின் அண்ணன் வீட்டில் நான் சாப்பிடுவது, அப்பாவின் தங்கை வீட்டில் படுத்துக்கொள்வது என்று முடிவானது. ஒரே வீட்டுக்குப் பாரமாக இருக்க வேண்டாம், பிள்ளைக்கும் ரெண்டு வீடு இருக்கட்டும் என்றார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். இப்போது நினைத்தால், யாரிடம் கேட்டிருந்தாலும் இதைவிட நல்ல யோசனை கிடைத்திருக்காது.

சாயங்காலம் பெரியப்பா வீட்டில் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அத்தை வீட்டுக்கு நடப்பேன். இரண்டுக்கும் நடுவில் எங்கள் வீடு. பூட்டைக் கையால் ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பேன். அத்தை வீட்டில் எனக்கென்று இருந்தது அப்பாவின் பழைய கம்பளி ஒன்று. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அவர் விரித்துப் படுத்தது. புகையும் ஏலமும் கலந்து மணக்கும். போர்த்தினால் குத்தும். அத்தை அதைத் துவைக்கப் பார்த்தபோதெல்லாம் ஒளித்து வைத்தேன்.

அப்பா எப்போதாவது வருவார். மலையாளத்து ஆட்களோடு இருந்து இருந்து, சோறு போடும்போது கையை நீட்டி, போதும் என்பதற்கு "மதி, மதி" என்பார். பெரியப்பா பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் போன பிறகு, நான் சாப்பிடும்போது வேண்டுமென்றே நிறையப் போட்டு, "மதியா? மதியா?" என்று கேட்பார்கள். நான் போட்டதையெல்லாம் சாப்பிடுவேன்.

தரைப்பாலம் உடைந்த அந்த வருசம் ஆடிக் காற்றோடு சண்டை தொடங்கியது. நம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். பெரியப்பா வீட்டு அடுப்படித் தகரம் ஒன்று பறந்துபோய் அத்தையின் அடைக்கோழி மேல் விழுந்தது. கோழியும் முட்டையும் போயின.

"ஒரு தகரத்தக் கட்டி வைக்கத் துப்பில்ல. குடும்பம் நடத்துறாகளாம்" என்றாள் அத்தை தெருவில் நின்று.

"ஏன், காத்து எங்கிட்டச் சொல்லிக்கிட்டா வந்துச்சு? கோழிய அங்கன அடைகாக்க வச்சது யாரு? வீட்டுக்குள்ள வச்சாக் கொறஞ்சா போயிருவ?" என்றாள் பெரியம்மா.

"செத்த கோழிய நீயே கொழம்பு வச்சுத் தின்னு."

"தின்னுட்டுத்தான் பேசுறேன். உப்புக் கொஞ்சம் கம்மி."

அதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு இருவருக்கும் நான்தான் தபால். அத்தை வாசலில் நிற்பாள், பெரியம்மாவும் தன் வாசலில் நிற்பாள், நான் தெரு நடுவில் நிற்பேன். "ஒரலு வேணுமான்னு கேளு" என்பாள் ஒருத்தி. மற்றவளுக்கு அது கேட்டிருக்கும். இருந்தாலும் நான் திரும்பி, "பெரியம்மா, ஒரலு வேணுமான்னு கேக்குறாக" என்று சொல்ல வேண்டும்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை பெய்து துவைகல் முங்கியது. எல்லோரும் பாறை ஏறினோம். உங்களுக்கு நினைவிருக்கும், தையல் மிசினைத் தலையில் சுமந்து வந்தவர், சேவலைச் சட்டைக்குள் வைத்திருந்தவர், பரீட்சைப் பயத்தில் புத்தகத்தை வேண்டுமென்றே வீட்டில் விட்டு வந்து அடிவாங்கியவன் எல்லோரும் அன்று இருந்தார்கள். கோயில்பிள்ளை கூப்பிடத் தொடங்கினார். நான் பெரியம்மாவோடு நின்றேன். அத்தை கண்ணில் பட்டதும் அவளிடம் போனேன். பெரியப்பா, "முழுசா வந்தாச்சு" என்றார். அத்தை வீட்டு மாமாவும், "முழுசா வந்தாச்சு" என்றார். இரண்டு முழுசிலும் நான் இருந்தேனா, ஒன்றிலாவது இருந்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் எங்கள் வீட்டின் இடம் வந்தபோது கோயில்பிள்ளை மூச்சுக்கூட விடாமல் தாண்டிப் போனார்.

தண்ணீர் வடிந்து இறங்கும்போது அவரிடம் கேட்டேன்.

"தாத்தா, என்னைய எந்த வீட்டுல சேத்துக் கூப்பிட்டீக?"

அவர் சிரித்தார். "ஒனக்கென்ன ஆத்தா கொறச்சல்? ஊருல எல்லாத்துக்கும் ஒரு வீடு. ஒனக்கு ரெண்டு வீடு."

"எங்க வீட்டக் கூப்பிடலையே."

"அடுப்பு எரியட்டும், கூப்பிடுறேன்."

நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஐப்பசி முழுக்க என் யோசனை அதுதான்: அப்பா வர வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், எங்கள் வீட்டைக் கூப்பிட வேண்டும். வேறொன்றும் அப்போது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வெள்ளம் வந்த அன்று ஊரில் வெயில் அடித்தது. மலை மட்டும் கருத்துக் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் மழை இறங்கியதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். நான் அத்தை வீட்டு வாசலுக்குப் போனபோது, அவள் காய்ச்சல் கண்ட கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா ஓடைக்கு அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் பழம் பறிக்கப் போயிருந்தாள். அத்தை உள்ளே போய் ஒரு சணல் சாக்கை எடுத்து வந்து, ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்க்கிற கொங்காணியாக மடித்தாள். புதுச் சாக்கு. உரச் சாக்கு இல்லை.

"ஏ புள்ள, ஒங்க பெரியம்மா நனைஞ்சுக்கிட்டு நிப்பா. இதக் குடுத்துட்டு அவ கூடவே வந்துரு. நான் குடுத்தேன்னு சொல்லாத."

நான் தெருவில் இறங்கிய பிறகு மறுபடி கூப்பிட்டாள்.

"கேட்டாச் சொல்லு."

அந்தச் சாக்கு ஒரு சமாதானம் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது அது வெறும் சாக்கு.

ஓடையில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். கல் மேல் கல் தாவிக் கடந்தேன். தோட்டத்தில் யாரும் இல்லை. மேகத்தைப் பார்த்ததுமே பறிப்பு ஆட்களை விட்டுவிட்டார்களாம். அவர்கள் மேல்வழியாகத் தரைப்பாலத்தில் நடந்து எனக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார்கள். பந்தலுக்குக் கீழே கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. மோட்டார் ரூம் கதவில் சங்கிலி போட்ட தோட்டத்து நாய் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தது. கோம்பை நாய். செந்நிறம், கறுத்த மூஞ்சி. தோட்டக்காரரைத் தவிர யாரையும் அண்ட விடாது.

திரும்பலாம் என்று ஓடைக்கரைக்கு வந்தேன். முதலில் சத்தம்தான் வந்தது. லாரியில் கல் கொட்டுவது போல, நிற்காமல். பிறகு தண்ணீர் வந்தது. செம்மண் குழம்பாக, வேரோடு பிடுங்கிய மரங்களோடு, மக்கிய இலையின் நாற்றத்தோடு. நான் தாண்டி வந்த கற்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. கோயில் மணி விரைவாக அடிக்கத் தொடங்கியது. பாறை எனக்கு நேர் எதிரே இருந்தது. நடுவில் ஓடை இருந்தது.

திராட்சைப் பந்தலின் கல்தூண்களுக்கு இடையில் தண்ணீர் ஏறி வந்தது. மோட்டார் ரூமை ஒட்டிய தொட்டிச் சுவரில் ஏறினேன். நாய் சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்து இறுகி நின்றது. தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது. இறங்கிப் போய்க் கொக்கியை விடுவித்தேன். விடுவித்ததும் அது என் மணிக்கட்டைக் கடித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. வேலைக்குச் சேரும் இடங்களில் அடையாளம் கேட்டால் அதைத்தான் காட்டுகிறேன். கடித்துவிட்டு எனக்கு முன்னால் தொட்டிச் சுவரில் தாவி, அங்கிருந்து கூரை மேல் ஏறிக்கொண்டது. நானும் ஏறினேன். அதற்கு மேல் எங்களுக்குள் சண்டை இல்லை.

கூரையிலிருந்து பாறை நன்றாகத் தெரிந்தது. சாக்கு போட்ட தலைகள் படியில் ஏறிக்கொண்டிருந்தன. அலுமினியச் சட்டிகள் மழையில் மின்னின. நான் பெரியப்பா என்று கத்தினேன், அத்தே என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கத்துவதை நிறுத்திவிட்டேன்.

எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். இப்போது கோயில்பிள்ளை கூப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று தெரியும். நானும் மனதுக்குள் ஓடைக்கரைத் தெருவிலிருந்து வரிசையாக வீடுகளைக் கூப்பிட்டேன். பெரியப்பா வீடு வந்ததும் நிறுத்தினேன். "ஒரு புள்ளையக் காணோம்" என்று அவர் சொல்லியிருப்பார். கயிறோடு ஆட்கள் வருவார்கள். படியைப் பார்த்தேன். யாரும் இறங்கவில்லை. சரி, அத்தை வீடு இருக்கிறது. எனக்குத்தான் ரெண்டு வீடாயிற்றே, ஒரு வீடாவது சொல்லும். மறுபடி படியைப் பார்த்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

மணி அடித்தது. மெதுவாக, விட்டு விட்டு. கோயில் கதவு மூடுவது தெரிந்தது.

நாய் காதைத் தூக்கிக் கேட்டது. எல்லாரும் வந்தாச்சு என்று அதற்குச் சொன்னேன்.

அந்த இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நனைந்தால் குளிரும். நாயின் உடம்பு சூடாக இருந்தது. சாக்கு எங்கள் இருவருக்கும் போதவில்லை.

விடிந்ததும் தண்ணீர் இறங்கித் தூண்களின் பாதி தெரிந்தது. மேட்டு வரப்பில் ஒருவர் கம்பை ஊன்றி ஊன்றி வந்தார். "ஏலே செவலே! செவலே!" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். தோட்டக்காரர். வேறு தெருக்காரர், நம் கோயிலைச் சேர்ந்தவர் இல்லை, அவர் நாயைத் தேடி வந்திருந்தார். கூரையில் நாய்க்குப் பக்கத்தில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏ ஆத்தா! நீ யாரு வீட்டுப் புள்ள?"

நான் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.

"பூட்டுன வீடு" என்றேன்.

தரைப்பாலம் ஒரு பக்கம் உடைந்திருந்தது. மிச்சமிருந்த பக்கத்தில் என்னைத் தோளில் தூக்கி வந்தார். நாய் பின்னால் வந்தது. கோயில் கதவை அப்போதுதான் திறந்திருந்தார்கள். முற்றத்தில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பெரியம்மா கஞ்சியைக் கிண்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அகப்பை நின்றது.

"நீ ஒங்க அத்தை கூடல்ல இருந்த?"

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தை உள்ளிருந்து ஓடி வந்தாள். "அவ ஒங்க கூட இருக்கான்னுல்ல நெனச்சேன்! தோட்டத்துக்கு ஒங்ககிட்டத்தான அனுப்புனேன்?"

"எங்கிட்ட அனுப்புனியா? நான் எங்கன பாத்தேன்? நான்தான் பாலத்து வழியா வந்துட்டேனே!"

"வந்தவுக எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"நீ பேசுனியாடி எங்கிட்ட? ஆடியில இருந்து வாயத் தெறந்தியா? ஒரே கோயிலுக்குள்ள ராப்பூரா அந்தச் செவுத்தப் பாத்துக்கிட்டுல்ல ஒக்காந்திருந்த!"

"புள்ளைக்குக் காய்ச்சலு! நீங்க திரும்பிப் பாத்தீகளா?"

தோட்டக்காரர் என்னைக் கீழே இறக்கிவிட்டு, கோயில்பிள்ளையைப் பார்த்தார். "என்னய்யா, எண்ணித்தான உள்ள விட்டீக?"

"எண்ணி மணியடிச்சாச்சே" என்றார் கோயில்பிள்ளை. அவர் என்னைப் பார்த்த பார்வை மறக்கவில்லை. ஆள் குறைந்ததாக அவருக்குத் தோன்றவில்லை. எல்லாரும் வந்து முடிந்த பிறகு ஒருத்தி கூடுதலாக வந்து நிற்பது போலத்தான் பார்த்தார். "எல்லா வீடும் சொல்லிருச்சே" என்று மறுபடி மெல்லச் சொன்னார். பெரியப்பா சுவரோரம் போய் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சத்தம் ஓயவில்லை. எனக்குக் கொடுத்த வேலை ஒன்று பாக்கி இருந்தது. தலையிலிருந்த சாக்கை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினேன்.

"அத்தை குடுத்தாக. நனைஞ்சிருவீகன்னு."

பெரியம்மா அதை வாங்கினாள். தண்ணீர் சொட்டியது. பிறகு அவள் அத்தையைப் பார்த்தாள். அப்படியே இருவரும் உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து அழுதார்கள். அன்று பேச ஆரம்பித்தவர்கள் சாகும்வரை விடவில்லை. அத்தனை நல்ல நாத்தனார்களை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. எனக்குத் தோட்டக்காரர்தான் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். நாய்க்கும் ஊற்றினார். அந்தச் சாக்கு பிறகு எங்கே போனதென்று தெரியாது.

அப்பாவுக்கு ஜீப் டிரைவர் மூலம் செய்தி போயிருக்கிறது. வந்தார். அண்ணனிடமும் பேசவில்லை, தங்கையிடமும் பேசவில்லை. அரைஞாணிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். உள்ளே முழங்கால் அளவு வண்டல். அம்மா வைத்துவிட்டுப் போன மண்கலயங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. ஒன்றுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. ஒரு மூலையை மட்டும் வெட்டி ஒதுக்கினார். மூன்று கல்லைக் கூட்டி, நனைந்த விறகை ஊதி ஊதி அடுப்பு மூட்டினார். ஓட்டு இடுக்கு வழியாகப் புகை கிளம்பித் தெருவெல்லாம் பரவியது. ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கோயில்பிள்ளையும் வந்தார்.

"என்னப்பா, சேத்துக்குள்ள சமையலா?"

"அடுப்பு எரியுதுன்னு பாத்துக்கிருங்க" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

கஞ்சி ஊற்றும்போது நான் கையை நீட்டி, "மதி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இன்னும் ஓர் அகப்பை ஊற்றினார்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் மழைக்குக் காத்திருந்தோம். நம் ஊரே இனி மழை வேண்டாம் என்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. நீங்களும் சொன்னீர்கள். அப்பாவும் நானும் மட்டும் வாசலில் குத்தவைத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை துவைகல் முங்கினால் போதும். ஒரு தடவை எங்கள் வீட்டைக் கூப்பிட்டால் போதும். மேகம் வந்தது, கருத்தது, போடிப் பக்கம் போய்ப் பெய்தது. காலையிலும் சாயங்காலமும் அப்பா தவறாமல் அடுப்பு மூட்டினார். சமைக்க ஒன்றும் இல்லாதபோது வெந்நீர் வைத்தார். மழை வரவில்லை. மலையில் ஏலக்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது, அப்பாவைக் கூப்பிட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள். அவர் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்து, வீட்டைப் பூட்டினார். இந்தத் தடவை என்னையும் கூட்டிக்கொண்டார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கோயில்பிள்ளை வந்தார். குனிந்து என் மணிக்கட்டுக் கட்டைப் பார்த்தார்.

"ஆத்தா, இனிமே கேட்டுட்டுத்தான் அடிப்பேன்" என்றார்.

எதைக் கேட்பார் என்று நான் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் இருந்த இடங்களைச் சொன்னால் நீண்டுவிடும். ஏலத்தோட்டத்துக் கூலி ஆட்களின் வரிசை வீடான லயத்தில் இருந்தேன். பின்பக்க மலை சரிந்தபோது கங்காணி எங்களை வரிசையாக நிற்க வைத்துத் தலையைத் தொட்டு எண்ணினார். அவர் கை என் தலையில் பட்டபோது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அப்பாவை அங்கேயே புதைத்தோம். பிறகு திருப்பூர், செங்கல் காளவாசல், ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டு, மறுபடி மலை. கல்யாணம் ஒன்று நடந்து நிற்காமல் போனது. எந்த ஊருக்குப் போனாலும் மேடு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வேன். ஓர் இடத்திலும் நிலைத்து அடுப்பு வைக்கவில்லை. வைக்க முடியாமல் போயிற்று என்றும் சொல்லலாம், வைக்கவில்லை என்றும் சொல்லலாம்.

போன ஐப்பசியில் கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வந்தேன். அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்தேன். பெரியப்பாவுக்கு, பெரியம்மாவுக்கு, அத்தைக்கு, கோயில்பிள்ளைக்கு வைத்தேன். சாயங்கால பஸ்ஸில் திரும்புவதாக இருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. பஸ் வரவில்லை. மணி விரைவாக அடித்தது. ஜனங்களோடு நானும் பாறை ஏறினேன்.

கோயில் இப்போது கான்கிரீட். ஆட்கள் போனையும் பேங்க் பாஸ்புக்கையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு சின்னப் பையன், பழைய கோயில்பிள்ளையின் வம்சம் என்றார்கள், மைக்கில் வீடுகளைக் கூப்பிட்டான். வீடுகளின் பெயர் மாறியிருக்கிறது, வரிசை மாறவில்லை. "முழுசா வந்தாச்சு", "முழுசா வந்தாச்சு" என்று பதில் வந்துகொண்டே இருந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி. அதையும் மூச்சு விடாமல் தாண்டிப் போனான்.

எல்லாம் முடிந்தது. மெதுவாக அடிக்க மணிக்கயிற்றைப் பிடிப்பான் என்று பார்த்தேன். பிடிக்கவில்லை. வாசலுக்குப் போய், வெளியே மழையைப் பார்த்து மைக்கைப் பிடித்தான்.

"எந்த வீட்டுலயும் சேராதவுக யாராச்சும் இருக்கீகளா?"

ஒலிபெருக்கியில் அது ஓடைக்கு அந்தப் பக்கம்வரை போயிருக்கும். சற்று நேரம் விட்டான். மறுபடி கேட்டான். கோயிலுக்குள் எல்லாரும் பேச்சை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "ஏம்மா இதக் கேக்குறாக?" என்றேன்.

"அதுவா அப்பத்தா, அந்தக் காலத்து வழக்கம். வெள்ளத்துல போன ஆத்துமா ஏதும் வெளிய நின்னா உள்ள வரட்டும்னு கேப்பாக" என்றாள். பிறகு என் காதோரம் வந்து, "உசுரோட இருக்கவுக பதில் சொல்லக் கூடாதாம்" என்றாள்.

பையன் மூன்றாவது தடவை கேட்டான். கேட்டுவிட்டு உடனே கயிற்றின் பக்கம் திரும்பினான். பதில் வராது என்று அவனுக்குத் தெரியும். அவன் பிறந்ததிலிருந்து வந்ததில்லை.

"இருக்கேன்" என்றேன்.

கோயில் முழுக்கத் திரும்பியது. பக்கத்துப் பெண் ஓர் அடி தள்ளி நின்றாள். பையன் கையில் மைக்கோடு என்னைப் பார்த்தான். பதில் வந்தால் என்ன செய்வது என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பயந்துதான் போனான். ஆனாலும் கயிற்றைத் தொடவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டான்.

"முழுசா வந்தாச்சா அப்பத்தா?"

நான் என் பையைப் பார்த்தேன். மணிக்கட்டைப் பார்த்தேன். வேறு யாரும் வர வேண்டியிருக்கவில்லை.

"முழுசா வந்தாச்சு" என்றேன்.

அவன் மணியை அடித்தான்.